24 சொற்களும் ஒரு தீவும்

2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் பரிமாற்றகத்திலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ களவு போனது. நம் கணக்கில் 2,000 கோடி ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. வாடிக்கையாளர்கள் ஓராண்டுக்கு மேல் தங்கள் நாணயங்களை எடுக்க முடியாமல் தவித்தார்கள். அதன்பிறகு விஷயம் தெரிந்தவர் யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சு: எக்ஸ்சேஞ்சில் விட்டுவைக்காதே, ஹார்ட்வேர் வாலட் வாங்கு, சாவியை உன் கையில் வைத்துக்கொள்.

பொதுவாகச் சரியான அறிவுரைதான். ஆனால் அதைச் சொல்பவர்கள் அந்தக் களவின் ஒரு விவரத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பறிபோன அந்த வாலட்டுக்கே ஹார்ட்வேர் வாலட்டுகள்தான் காவல். ஆறு பேருக்குக் கையெழுத்து உரிமை. ஐவர் வசீர்எக்ஸ் தரப்பு, ஒருவர் லிமினல் என்ற காப்பு நிறுவனம். வசீர்எக்ஸ் தரப்பில் மூவரும் லிமினலும் ஒப்பினால்தான் காசு நகரும். அந்த மூவரும் பயன்படுத்தியது லெட்ஜர் கருவியைத்தான் என்று நிறுவனமே பிறகு அறிவித்தது. கணினித் திரையில் தெரிந்தது ஒன்று, அவர்கள் ஒப்பமிட்டது வேறொன்று. யார் கணினியில் கோளாறு என்று இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று கைகாட்டின. திருடியவர்கள் வட கொரியர்கள் என்று அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா மூன்றும் 2025 ஜனவரியில் கூட்டாகக் கூறின.

அப்படியானால் கருவி வீணா? இல்லை. தனக்கென்று விதித்த வேலையை அது ஒழுங்காகவே செய்கிறது. அந்த வேலை எது, எதுவரை என்பதைத்தான் புதிதாக வாங்குபவருக்கு யாரும் சரியாகச் சொல்வதில்லை.

பென்டிரைவ் அளவில் இருக்கும் அந்தச் சாதனத்துக்குள் காசு எதுவும் இல்லை. நாணயங்கள் பிளாக்செயினில் கிடக்கின்றன. அவற்றை நகர்த்தும் ரகசியச் சாவி மட்டும் கருவிக்குள். சாவி வெளியே வராது. கணினி ஒரு பரிவர்த்தனையை உள்ளே அனுப்பும், கருவி ஒப்பமிட்டுத் திருப்பித் தரும். கணினியில் வைரஸ் இருந்தாலும் சாவியை உறிஞ்ச முடியாது. 2014-இல் பிராகில் ட்ரெஸார் தொடங்கிவைத்த இந்த ஏற்பாடு இன்றும் பலமாகத்தான் நிற்கிறது. அமைப்பதும் கடினமில்லை. தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து செயலியை இறக்கி, கருவி அசல்தானா என்று அதிலேயே சோதித்து, பின் எண் வைக்க வேண்டும். லெட்ஜரில் பின் மூன்று முறை தவறினால் உள்ளிருப்பது அழிந்துவிடும். பிறகு கருவி தன் சின்னத் திரையில் ஒவ்வொன்றாகச் சொற்களைக் காட்டும்; வழக்கமாக 24. அவற்றை வரிசை மாறாமல் காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். மொபைலில் படம் எடுக்கக் கூடாது, வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பிக்கொள்ளவும் கூடாது.

அந்த நொடியிலிருந்து கருவி இரண்டாம்பட்சம். கடலில் விழுந்தாலும் கவலையில்லை. வேறொரு கருவி வாங்கி 24 சொற்களையும் உள்ளிட்டால் எல்லாம் திரும்பிவிடும். அதே காகிதம் இன்னொருவர் கையில் கிடைத்தாலோ, கருவியும் பின்னும் இல்லாமலே அவர் அத்தனையையும் எடுத்துவிடலாம். சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய பெட்டகத்தின் முழுப் பாதுகாப்பும் ஒரு துண்டுக் காகிதத்தில் வந்து நிற்கிறது.

அந்தமானில் இருப்பவர் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வரும்வரை இத்தீவுகளுக்குச் செயற்கைக்கோள் இணைப்பே கதி. ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். இப்போது போர்ட் பிளேரில், அதாவது ஸ்ரீ விஜயபுரத்தில், உட்கார்ந்தபடி நாணயம் வாங்கலாம், விற்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி தீவுவாசிகளில் சுமார் 15 விழுக்காட்டினருக்குத் தமிழ் தாய்மொழி. ஆனால் இந்த மீட்புச் சொற்களுக்கான 2,048 சொற்கள் கொண்ட பட்டியல் ஜப்பானியத்தில் உண்டு, செக்கில் உண்டு. தமிழிலோ வேறெந்த இந்திய மொழியிலோ கிடையாது. அப்பா எழுதிவைத்த ஆங்கிலச் சொற்களை அம்மா தப்பில்லாமல் படித்தெடுக்க வேண்டும். ஒரே ஆறுதல், பட்டியலில் எந்த இரு சொற்களுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக இருக்காது. அந்த நான்கு தெளிவாக இருந்தால் போதும்.

காகிதம் இங்கே எத்தனை நாள் தாங்கும்? மே மாதம் தொடங்கும் மழை ஆண்டில் பாதிக்கு மேல் விடுவதில்லை. மற்ற நாளிலும் உப்புக்காற்று. இங்க் பேனாவில் எழுதியது கசியும். பென்சிலில் எழுதியது நனைந்தாலும் நிற்கும். லேமினேஷன் நல்ல காப்பு என்று நினைக்கிறோம். ஓரம் பிரிந்தால் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும் வேலையைத்தான் அது செய்யும். ஆகவே எஃகுத் தகட்டில் எழுத்துகளைக் குத்திவைப்பது மேல். அதிலும் 304 தர எஃகு கடலோரத்தில் பொட்டுப் பொட்டாகத் துரு பிடிக்கும், 316 தரம் தாங்கும். படகுக்காரர்களுக்கு இது தெரிந்த கதை. ஆழமாகக் குத்திய எழுத்தைத் துரு அவ்வளவு சுலபத்தில் தின்றுவிடாது என்பதும் உண்மை.

துருவைவிடப் பெரிய ஆபத்து வேறு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது கச்சால் தீவில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி ரப்பர் தோட்டத்தில் குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் அதுவும் ஒன்று. வீட்டோடு போனவற்றில் ரேஷன் கார்டும் பாஸ்புக்கும் அடக்கம். ஆனால் பாஸ்புக் போனால் கணக்குப் போவதில்லை. பேரேடு வங்கியில் இருக்கிறது. காணாமல் போனவர் இறந்ததாகக் கொள்ள ஏழாண்டு காத்திருக்கும் வழக்கமான விதியைக்கூடச் சுனாமிக்காக அரசு தளர்த்தி, இறப்புச் சான்றிதழ் கிடைக்க வழி செய்தது. எத்தனை அலைச்சல், எத்தனை கையெழுத்து என்பது வேறு விஷயம். மனுப் போட ஒரு ஜன்னல் இருந்தது. ஹார்ட்வேர் வாலட்டுக்கு அந்த ஜன்னல் இல்லை. நாமினி இல்லை, டூப்ளிகேட் இல்லை, மேலாளர் இல்லை. வங்கியும் தாசில்தாரும் பார்த்த வேலை மொத்தத்தையும் வீட்டின் தலையில் இறக்கிவைக்கும் ஏற்பாடு இது. அதை விடுதலை என்று விற்பவர்கள் இந்தச் சுமையை விலைச்சீட்டில் எழுதுவதில்லை.

சரி, தகட்டை வங்கி லாக்கரில் வைத்தால்? ரிசர்வ் வங்கியின் லாக்கர் விதிகள் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. திருட்டு, தீ, கட்டடம் இடிதல் போன்றவற்றில் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்குவரை. நிலநடுக்கம், வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்தால் போனால் வங்கி பொறுப்பல்ல. நிலநடுக்க ஆபத்து நாட்டிலேயே மிகுந்த பகுதிகளில் ஒன்றான இங்கே, எந்த ஆபத்துக்கு அஞ்சுகிறோமோ அதற்கே விலக்கு. ஒரே தீவில் இரண்டு பிரதி வைப்பதும் முழுத் தீர்வாகாது.

இனி, கருவி வாங்கும் வழி. தீவில் இருப்பவருக்கு அது பெரும்பாலும் பார்சலில்தான் வரும். பார்சல் எத்தனையோ கை மாறும். ரஷ்யாவில் ஒருவர் வாங்கிய போலி ட்ரெஸாரைக் காஸ்பர்ஸ்கி நிறுவனம் 2023-இல் பிரித்துப் பார்த்தது. வெளியே அசல் போலவே இருந்த கருவிக்குள் சில்லு மாற்றப்பட்டிருந்தது. திருடனுக்கு முன்பே தெரிந்த இருபது சொல்வரிசைகளில் ஒன்றைத்தான் அது புதிதுபோல் எடுத்துக் கொடுத்தது. லெட்ஜர் கதை இன்னும் விசித்திரம். 2020-இல் அதன் வாடிக்கையாளர் தகவல் களவுபோய், சுமார் 2,72,000 பேரின் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் பொதுவெளிக்கு வந்தன. அடுத்த ஆண்டு சிலருக்குத் தபாலில் புத்தம்புதுக் கருவி வந்தது, நிறுவனமே மாற்றிக் கொடுப்பதாகக் கடிதத்தோடு. எல்லாம் போலி. தள்ளுபடி விலைக்காகத் தெரியாத விற்பனையாளரிடம் வாங்குவதும், பெட்டிக்குள் ஏற்கெனவே சொற்கள் அச்சிட்ட அட்டை இருந்தும் அதைப் பயன்படுத்துவதும் இந்த வகை ஏமாற்றுக்கு நாமே கதவு திறப்பது.

எதைப் பார்த்து ஒப்பமிடுகிறோம் என்ற கேள்விக்கு மறுபடி வருகிறேன். 2025 பிப்ரவரியில் பைபிட் பரிமாற்றகம் சுமார் 150 கோடி டாலரை இழந்ததும் வசீர்எக்ஸ் போலவேதான்: திரையில் வழக்கமான பரிவர்த்தனை, கருவிக்குள் போனது வேறு. நிறுவனத்தின் தலைவரே லெட்ஜரில் ஒப்பமிட்டவர்களில் ஒருவர். சாவி எங்கும் போகவில்லை; சாவிக்காரரே கதவைத் திறந்துவிட்டார். சாதாரண ஆளுக்கு இதிலிருந்து ஒரு சலுகை உண்டு. பிட்காயினை வாங்கிச் சும்மா வைத்திருப்பவர் கருவித் திரையில் முகவரியையும் தொகையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். ‘டிஃபை’ எனப்படும் இடைத்தரகரில்லா நிதித் தளங்களில் புகுந்து, கருவியால் படித்துக் காட்ட முடியாத ஒப்பந்தங்களுக்கெல்லாம் பொத்தானை அமுக்குபவருக்கு இந்தக் கருவி தரும் நிம்மதி பாதி பொய்.

எக்ஸ்சேஞ்சில் விட்டுவைப்பவருக்கும் ஒரு நியாயம் சேர்ந்திருக்கிறது. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோ ஒரு சொத்து, பிறருக்காக நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கத் தக்கது என்று சொல்லி, வசீர்எக்ஸில் முடங்கிய ஒரு முதலீட்டாளரின் 3,532.30 எக்ஸ்ஆர்பி நாணயங்களுக்கு இடைக்காலக் காப்பு அளித்தது. அந்தமான் கொல்கத்தா உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருவதால் அந்த ஆணை இங்கே நேரடியாகக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் எடுத்துக்காட்டலாம். எதிர்த்தரப்பு என்று ஒருவர் இருந்தால்தான் வழக்குப் போட முடியும். தகட்டைத் தொலைத்தவர் யார்மேல் போடுவார்?

என் கணிப்பில், பத்தாயிரம் இருபதாயிரம் ரூபாய்க்குக் கிரிப்டோ வைத்திருப்பவர் இதில் இறங்கத் தேவையில்லை. போனால் குடும்பம் ஆட்டம் காணும் அளவுக்கு வைத்திருப்பவருக்குத் தேவை. தீவில் இருப்பவருக்குப் பொருத்தமாகப் படுவது, ட்ரெஸாரின் சில மாடல்களில் உள்ள பங்குமுறை: மீட்புச் சொற்களை மூன்று பங்காக்கி, எந்த இரண்டு சேர்ந்தாலும் திறக்கும்படி வைக்கலாம். ஒன்று போர்ட் பிளேரில், ஒன்று சென்னை உறவினர் வீட்டில், இன்னொன்று மதுரையிலோ ராமநாதபுரத்திலோ. தீவுப் பங்கைக் கடல் கொண்டுபோனாலும் நிலத்தில் இரண்டு மிஞ்சும். ஒரு பங்கு மட்டும் கையில் கிடைத்த மைத்துனரால் ஒன்றும் செய்ய முடியாது. குறை, எல்லாக் கருவிகளும் இந்த முறையைப் படிக்காது. எந்தக் கருவி என்பதையும் எழுதிவைக்க வேண்டும். 24 சொற்களைத் தானே 12, 12 என்று வெட்டி இரண்டு ஊரில் வைப்பது இதற்கு ஈடாகாது. ஒரு பாதி போனால் அத்தனையும் போச்சு.

எந்த முறையானாலும், பெருந்தொகையை மாற்றுமுன் ஐந்நூறு ரூபாய் அளவுக்கு அனுப்பிவிட்டு, கருவியை வேண்டுமென்றே அழித்து, பிரதியிலிருந்து மீட்டுப் பார்க்க வேண்டும். அதையும் வாங்கியவர் செய்யாமல், அவர் இல்லாத நாளில் செய்யப்போகிறவர் செய்ய வேண்டும்; வாங்கியவர் பக்கத்தில் வாய்திறக்காமல் உட்கார்ந்திருக்கட்டும். அந்த ஐந்நூறு ரூபாய் திரும்பி வராவிட்டால் மீதியை எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைப்பது நல்லது.