யாரிடம் கேட்டீர்கள்?

மசினகுடியில் ஒரு காலை. தெப்பக்காட்டுச் சாலையோரம் லாரி ஒன்று மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பட்டியில் எலும்பு தெரியும் நாட்டு மாடுகள் நாற்பது ஐம்பது நின்றன. டீ கிளாஸோடு நின்ற பட்டிக்காரப் பெரியவரிடம் பேச்சுக் கொடுக்கும் ஆசையில், "பால் எவ்வளவு கறக்குதுங்க?" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பாலுக்கு யாருங்க இத வளக்கறாங்க? சாணிக்குத்தான். மூட்டையெல்லாம் காப்பித் தோட்டத்துக்குப் போகுதுங்க."

அப்போது என் தோள்பையில் இருந்தது பொருளியலாளர்களின் நேர்காணல் தொகுப்பு ஒன்று. மாடென்றால் பால் என்று முடிவு கட்டிக்கொண்டு வாய் திறக்கிறவன் அதைத் தூக்கிக்கொண்டு திரிவதில் எனக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

பட்டிக்காரர் இரண்டு வரியில் சொன்ன விஷயத்தை எம்.டி. மதுசூதன் 2005இல் 'கன்சர்வேஷன் பயாலஜி' இதழில் ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதியிருக்கிறார். அவர் ஆராய்ந்தது முதுமலைக்கு அந்தப் பக்கம், பந்திப்பூர்க் காட்டை ஒட்டிய ஊர்களை. உலகச் சந்தையில் காப்பி விலை ஏறியது. கையில் காசு புரண்ட தோட்டக்காரர்கள் எருவுக்கு ஆள் அனுப்பினார்கள். அதுவரை சொந்த வயலுக்குப் போய்க்கொண்டிருந்த சாணம் எல்லை தாண்டும் சரக்காகிவிட்டது. சாணத்துக்காகவே மாடு பெருகியது, காடு மேய்ச்சலில் தேய்ந்தது. 1994இல் பிரேசிலில் உறைபனி விழுந்து காப்பிச் செடிகள் கருகியபோது உலகம் முழுக்க விலை எகிறியது நினைவிருக்கலாம். சாவ் பாவ்லோ பக்கத்துப் பனிக்கும் சீகூர்ப் பீடபூமியின் மாட்டுப் பட்டிக்கும் முடிச்சு இருக்கக்கூடும் என்பது கேட்டால்தான் தெரியும். அதுவும் சரியான ஆளிடம் கேட்க வேண்டும்.

பொருளியலாளர்களைப் பேசவைத்துப் புத்தகமாக்கும் வகை அப்படியொன்றும் பழையதில்லை. அதற்கு ஒரு முகம் கொடுத்தவர் நெதர்லாந்துக்காரரான அர்யோ கிளாமர். 'கான்வர்சேஷன்ஸ் வித் எகனாமிஸ்ட்ஸ்' என்ற அவருடைய நூல் 1983இல் வந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கெயின்ஸ் வழிவந்தவர்களுக்கும் ராபர்ட் லூகாஸ் தலைமையிலான புதிய அணிக்கும் கடும் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம் அது. இரண்டு தரப்பையும் தனித்தனியே சந்தித்து கிளாமர் பேச்சுக் கொடுத்தார். ஆராய்ச்சிக் கட்டுரையில் சமன்பாடுகளுக்குப் பின்னால் பதுங்கிக்கொள்கிற மனிதர்கள் டேப் ரிக்கார்டர் முன்னால் மாட்டிக்கொண்டார்கள். லூகாஸ் அணியோடு ஏன் நேருக்கு நேர் வாதம் செய்வதில்லை என்ற கேள்விக்கு ராபர்ட் சோலோ சொன்ன பதிலை இன்றும் பொருளியல் மாணவர்கள் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான்தான் நெப்போலியன் என்று ஒருவர் வந்து உட்கார்ந்தால், அவரோடு குதிரைப்படைத் தந்திரம் பற்றி நுணுக்கமாக விவாதிப்பதுதான் நான் கடைசியாகச் செய்கிற காரியமாக இருக்கும் என்று போட்டாரே ஒரு போடு! எந்த ஆய்விதழும் இதை அச்சேற்றியிருக்காது.

பிரையன் ஸ்னோடனும் ஹோவர்ட் வேனும் 1999இல் கொண்டுவந்த 'கான்வர்சேஷன்ஸ் வித் லீடிங் எகனாமிஸ்ட்ஸ்' பாடப்புத்தகத்துக்குத் துணைநூல் மாதிரி. மில்டன் ஃபிரீட்மன், லூகாஸ், டோபின், சோலோ என்று பெரிய பெயர்களாகவே இருக்கும். பரீட்சைக்குப் படிக்கிறவருக்கு உதவும். எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. யாரிடம் படித்தீர்கள், எந்தக் கட்டுரை உங்களை மாற்றியது, எதிரணி பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றே கேள்விகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. பட்டிமன்றத்தில் அணித் தலைவர்களை மேடைக்குப் பின்னால் மடக்கிப் பேட்டி எடுத்தது போல இருக்கிறது. 2007இல் பால் சாமுவேல்சனும் வில்லியம் பார்னெட்டும் தொகுத்த நூலும் ஏறக்குறைய இதே ரகம்தான். இந்தியர்களுக்கென்று வி.என். பாலசுப்ரமணியம் 2001இல் ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். இவற்றில் எதைப் படித்தாலும் ஒரு கேள்விக்காக நான் காத்திருப்பேன்: நீங்கள் யாரிடம் போய்க் கேட்டீர்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறவர்கள் பேசும்போது குரலே மாறிவிடும். அமர்த்தியா சென்னை கிளாமரே 1989இல் 'ஜர்னல் ஆஃப் எகனாமிக் பெர்ஸ்பெக்டிவ்ஸ்' இதழுக்காகப் பேட்டி கண்டார். சென் தன் வாழ்க்கையைப் பற்றி எங்கே எழுதினாலும் பேசினாலும் பெரும்பாலும் காதர் மியா வந்துவிடுவார். டாக்காவில் கலவரம் நடந்துகொண்டிருந்தபோது, பத்து வயதையொட்டிய சிறுவன் அமர்த்தியாவின் வீட்டு வாசலுக்குக் கத்திக்குத்துப்பட்டு ரத்தம் கொட்ட வந்து சேர்ந்த கூலித் தொழிலாளி அவர். இந்துக்கள் வாழும் பகுதிக்கு இந்த நேரத்தில் போகாதே என்று மனைவி தடுத்திருக்கிறார். வீட்டில் சோறு இல்லை, அதனால் வேலை தேடி வந்தார். மருத்துவமனையில் இறந்துபோனார். வறுமை ஒரு மனிதனின் மற்ற உரிமைகளையும் பறித்துவிடுகிறது என்று சென் பிற்காலத்தில் பல நூறு பக்கங்களில் வாதாடியதற்கு விதை அந்த வாசலில் விழுந்தது.

எலினோர் ஆஸ்ட்ரம் கதை வேறு விதம். போதிய கணிதம் படிக்கவில்லை என்று பொருளியல் முனைவர் படிப்பில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அரசியல் அறிவியல் பக்கம் போனார். கலிபோர்னியாவில் நிலத்தடி நீரைப் பங்கிட்டுக்கொண்டவர்களிடமும் நேபாளத்தில் வாய்க்கால் பாசனக்காரர்களிடமும் பொதுச்சொத்தை எப்படிப் பாதுகாக்கிறீர்கள் என்று விசாரித்தார். 2009இல் பொருளியல் நோபல் பெற்ற முதல் பெண் அவர். கதவைச் சாத்திய துறையே பரிசைக் கொடுத்தது!

கேட்கிற பழக்கம் சென்னை ராஜதானியில் நூறு வருஷத்துக்கு முன்பே இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கான முதல் பேராசிரியராக 1915இல் வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். வந்தவர் மாணவர்கள் கையில் கேள்விப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறைக்குச் சொந்த ஊர் போகும்போது விசாரித்து வாருங்கள் என்று அனுப்பினார். நிலம் யாரிடம், கடன் எவ்வளவு, கூலி நெல்லா காசா என்று பையன்கள் தங்கள் ஊர்த் திண்ணைகளிலேயே உட்கார்ந்து எழுதி வந்தது 1918இல் நூலானது. இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம் ஆகிய ஊர்கள் இப்படித்தான் பொருளியல் வரைபடத்தில் ஏறின. 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள். இருவேல்பட்டுக்கு எஸ். குகனும் ஜோன் மென்சரும் போய் எழுதியது 1983இல் வெளியானது. பிறகு ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் 2008 வரையான கதையைச் சேர்த்தார்கள். ஒரே ஊரிடம் தொண்ணூறு ஆண்டுக்கு மேலாகத் தலைமுறை தலைமுறையாகக் கேள்வி கேட்டது உலகத்திலேயே அபூர்வம்.

தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்துவிட்டுத் திரும்பியவர். 1929இல் காந்தியைச் சந்தித்தார். காந்தி அவரிடம் ஒப்படைத்த முதல் பெரிய வேலை குஜராத்தின் மாதர் தாலுகாவில் ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுப்பது. கோட்டும் சூட்டுமாக இருந்த பம்பாய் ஆடிட்டர் கதராடைக்கு மாறியதைப் பலர் எழுதுகிறார்கள். என் கணக்கில் அந்தக் கணக்கெடுப்பு அதைவிடப் பெரிய மாற்றம். கடைசிக் காலத்தில் அவர் வாழ்ந்தது மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டியில்.

யுனெஸ்கோவில் பெரும் பதவி வகித்துவிட்டுத் திரும்பிய மால்கம் ஆதிசேஷையா 1971இல் சென்னை அடையாறில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியிலிருந்து சி.டி. குரியன் அங்கே வந்தார். நிதித்துறைச் செயலாளராக இருந்த குகன் வந்தார். திட்டக் கமிஷனில் பணியாற்றிய ஏ. வைத்தியநாதன் வந்தார். கோப்பு பார்த்தவர், பாடம் நடத்தியவர், திட்டம் போட்டவர் எல்லாரும் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்து தமிழ்நாட்டைப் பற்றி வாதிட்டார்கள். குரியன் தன் எண்பது வயதில் எழுதிய 'வெல்த் அண்ட் இல்ஃபேர்' நூலில், பாடப்புத்தகப் பொருளியலை ஓரமாக வைத்துவிட்டு உண்மையான மனிதர்கள் நடத்தும் பொருளாதாரத்துக்குள் வாசகரைக் கூட்டிப்போகிறார். ஆரணிக்கு 1970களில் வந்த பார்பரா ஹாரிஸ் ஒயிட் அதே ஊருக்கு நாற்பது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வந்து அரிசி மண்டிகளையும் பட்டு நெசவையும் விசாரித்தார். ஆரணி கடைத்தெருவின் கணக்குப்பிள்ளைகளைப் போல வேறு எந்த ஊர்க் கணக்குப்பிள்ளைகளும் இவ்வளவு காலம் பேட்டி கொடுத்திருக்க மாட்டார்கள்.

மசினகுடிக்கு வருவோம். இந்த ஊரின் பொருளாதாரத்தில் யானை ஒரு பங்காளி. யானை வழித்தடம் குறித்த அரசு அறிவிப்பை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 14 அன்று உறுதிசெய்தது. தங்கும் விடுதிக்காரர்கள், நில உரிமையாளர்கள் ஆகியோரின் ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவும் வந்தது. விடுதியில் வேலைபார்த்தவர், ஜீப் ஓட்டியவர், பட்டி வைத்திருப்பவர், காட்டில் தேன் எடுக்கும் குறும்பர், இருளர் என ஒவ்வொருவரின் வரவு செலவும் வேறு. சிங்காரா மின்நிலையத்தில் நீர்மின்சாரம் தயாராகி வெளியே போகிறது. சாணமும் வெளியே போகிறது. என்ன உள்ளே வருகிறது என்று யாராவது உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். முதலில் பட்டிக்காரரிடம் கேட்க வேண்டும். பாலைப் பற்றிக் கேட்டு ஆரம்பிக்காமல் இருந்தால் சரி.

அப்படிக் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்துவிட்டார்கள். ஆதிசேஷையா 1994இல் போனார். குகன் 1998இல் போனார். வைத்தியநாதன் 2020இல், குரியன் 2024இல். இவர்களோடு தமிழில் நடந்த நீண்ட உரையாடல்களின் தொகுப்பு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. தாம்பரத்திலும் அடையாறிலும் இவர்களிடம் படித்தவர்கள், களத்துக்குக் கூடப் போனவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பழைய கேசட்டோ, வகுப்புக் குறிப்போ, ஊருக்குப் போனபோது எழுதிய நோட்டுப் புத்தகமோ உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், தயவுசெய்து பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கத்துக் கல்லூரியின் பொருளியல் துறையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.