ஓடுகிறது என்பது ஒரு சான்றா?

நள்ளிரவில் விழுந்த சர்வீஸை 5 நிமிடத்தில் எழுப்புகிறவரே கெட்டிக்கார அட்மின் என்ற எண்ணம் சர்வர் வட்டாரத்தில் ஊறிப்போயிருக்கிறது. விண்டோஸ் சர்வரில் 1069 என்ற பிழை எண் கண்ணில் பட்டதும் அவர் செய்வது எல்லாருக்கும் தெரிந்ததுதான். சர்வீஸின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, 'லாக் ஆன்' பகுதியில் கடவுச்சொல்லை மறுபடி தட்டி, ஸ்டார்ட் கொடுப்பார். தொல்லை திரும்பி வராதிருக்க, அந்தக் கணக்கில் 'பாஸ்வேர்டு நெவர் எக்ஸ்பயர்ஸ்' என்ற கட்டத்தில் ஒரு டிக். 'சர்வீஸ் ஓடுகிறதா இல்லையா? அதற்கு மேல் என்ன வேண்டும்?' என்று இந்த வைத்தியத்துக்கு வாதாடுகிறவர்களும் உண்டு.

வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பில்லிங் நின்றுகிடக்கும்போது ஆராய்ச்சிக்கு நேரம் கிடையாது. கடவுச்சொல் உண்மையிலேயே மாறியிருந்தால், புதியதைத் தட்டுவதுதான் மருந்தும்கூட. என் பாராட்டு அத்தோடு சரி.

'ஓடுகிறது' என்பது இந்த விஷயத்தில் எதற்கும் சான்றாகாது என்பதே என் நெடுநாளைய வழக்கு. சர்வீஸுக்குக் கொடுத்துவைத்த கடவுச்சொல்லை விண்டோஸ் சரிபார்ப்பது அது தொடங்கும் கணத்தில் மட்டும்தான். தொடங்கிவிட்ட சர்வீஸ், பிறகு கடவுச்சொல் மாறினாலும் உரிமை பறிபோனாலும் பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும். என்றோ நடந்த மாற்றம், மாதாந்திர பேட்ச் போட்டு ரீபூட் செய்யும் இரவில்தான் வெடிக்கும். பழியெல்லாம் பேட்சின் தலையில் விழும்.

ஒரு வழக்கமான கோளாறைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். கடவுச்சொல் சரியாகவே இருக்கிறது. கணக்குக்கு 'லாக் ஆன் அஸ் எ சர்வீஸ்' உரிமைதான் இல்லை. அட்மின் வழக்கம்போல் கடவுச்சொல்லைத் தட்டுகிறார். அந்த உரிமையையும் வழங்கிவிட்டதாக விண்டோஸே ஒரு செய்திப் பெட்டியில் சொல்கிறது. சர்வீஸ் எழுந்துவிடுகிறது, கடவுச்சொல்தான் கோளாறு என்று டிக்கெட்டில் எழுதி மூடியாகிவிட்டது. ஆனால் அந்த உரிமைப் பட்டியல் டொமைனின் குரூப் பாலிசியில் வரையறுக்கப்பட்டிருந்தால், சர்வரில் தனியாகச் சேர்த்தது நிலைக்காது. பாலிசியில் ஒரு எழுத்தும் மாறாவிட்டாலும், பாதுகாப்பு அமைப்புகளை விண்டோஸ் சுமார் 16 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பதியும். மறுநாளே உரிமை போய்விடும், சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த ரீபூட்டில் மறுபடி 1069. மறுபடி அதே மருந்து, அதே பாராட்டு.

இத்தனைக்கும் விடை சிஸ்டம் லாகிலேயே கிடக்கிறது. 1069 சொல்வதெல்லாம் லாகின் தோற்றது என்பது மட்டும். தவறான கடவுச்சொல்லா, காலாவதியா, கணக்குப் பூட்டப்பட்டதா என்பதை 7038 என்ற நிகழ்வு சொல்லும். உரிமை இல்லையென்றால் 7041 வரும். கணக்குப் பூட்டப்பட்டிருந்தால், எந்தக் கணினியிலிருந்து தவறான முயற்சிகள் வந்தன என்பதை டொமைன் கன்ட்ரோலரில் பதியும் 4740 காட்டும். இவற்றைப் படிக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம்கூட இல்லை என்பவரிடம் குறைவது நேரமல்ல, அக்கறை.

காலாவதியாகாத கடவுச்சொல்லோ இதைவிட மோசம். 2014இல் பாதுகாப்பு ஆய்வாளர் டிம் மெடின் விளக்கிக்காட்டிய 'கெர்பரோஸ்டிங்' முறைப்படி, எஸ்.பி.என். (சர்வீஸ் பிரின்சிபல் நேம்) பதிந்த சர்வீஸ் கணக்குக்கான கெர்பரோஸ் டிக்கெட்டை டொமைனின் எந்தச் சாதாரணப் பயனரும் கேட்டு வாங்கலாம். அதை வெளியே கொண்டுபோய், கடவுச்சொல்லை நிதானமாக உடைத்துப் பார்க்கலாம். மனிதர் யோசித்துவைத்த, ஆண்டுக்கணக்கில் மாறாத கடவுச்சொல் என்றால் உடைப்பவருக்கு அவசரமே இல்லை. அப்போதும் சர்வீஸ் ஜோராக ஓடிக்கொண்டிருக்கும்.

மாற்று வழி இல்லாமலில்லை. விண்டோஸ் சர்வர் 2012இலேயே ஜி.எம்.எஸ்.ஏ. (குரூப் மேனேஜ்டு சர்வீஸ் அக்கவுன்ட்) கணக்குகள் வந்துவிட்டன. யாரும் தட்டத் தேவையில்லாத நீண்ட கடவுச்சொல்லை ஆக்டிவ் டைரக்டரியே உருவாக்கி, வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை தானே மாற்றிக்கொள்ளும். சில பழைய மென்பொருள்கள் இதை ஏற்பதில்லை என்பது உண்மை. ஏற்கும் இடத்திலும் பழைய டிக்கையே நம்பிக் காலம் தள்ளுவதற்கு சோம்பலைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு லாகின் கோளாறு தீர்ந்ததா என்பதை ரீபூட்டுக்குப் பிறகே சொல்ல முடியும். அதுவரை டிக்கெட்டை மூடாதீர்கள்.