வெற்றி ஆண்டின் புட்டி: மூட்டோன் 1945 லேபிளை வாசித்தல்

முதல்லயே சொல்லிடறேன்: ஷாட்டோ மூட்டோன் ரோத்ஷீல்ட் 1945 ஒயினை நான் குடிச்சதில்லை. அந்த விலைக்கு என் சம்பளம் எட்டாது. ஆனா பழைய ஒயினின் மதிப்பில் நாக்குக்குத் தெரிவது ஒரு பாதிதான். மீதி லேபிளில் இருக்கு. லேபிளை வாசிக்கக் காசு வேண்டாம்.

முதலில் ஒயின். பிரான்ஸின் போர்தோ பகுதியில், போயாக் என்ற ஊரில் இருக்கும் தோட்டம் இது. 1945 மே மாதத் தொடக்கத்தில் உறைபனி விழுந்து இளங்குருத்துகள் கருகிப் போச்சு. தப்பிய கொத்துகள் கொஞ்சம்தான். அடுத்து வந்த கோடையோ கடும் வெயில், வறட்சி. ஆக, பழம் குறைவு, சாறு அடர்த்தி. கபெர்னே சோவிஞ்ஞோன் திராட்சையின் தோலில் இருக்கும் டானின் இளம் ஒயினில் துவர்க்கும். வருஷம் போகப்போக அது ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரு பகுதி வண்டலாக அடியில் தங்கும், துவர்ப்பும் தணியும். அடர்த்தியான ஒயினுக்குத்தான் இத்தனை வருஷம் தாங்கும் தெம்பு.

இப்போ லேபிள். உரிமையாளர் பிலிப் த ரோத்ஷீல்ட், போரில் நேச நாடுகள் வென்றதைக் குறிக்க பிலிப் ஜூலியான் என்ற இளம் ஓவியரை 'வி' எழுத்தை வரையச் சொன்னார். 'வெற்றி ஆண்டு' என்ற வாசகமும் அதில் உண்டு. அதிலிருந்து ஏறக்குறைய ஒவ்வொரு வருஷமும் ஒரு கலைஞரின் படைப்பு லேபிளில் வருது. அவர்களுக்குக் கூலி பணமில்லை, ஒயின்தான்.

அழகான லேபிள், சந்தேகமில்லை. என் விமர்சனம் அது சொல்லாமல் விட்டதைப் பற்றி.

ரோத்ஷீல்ட் யூதக் குடும்பம். போர்க்காலத்தில் வீஷி அரசு இந்தத் தோட்டத்தைப் பறிமுதல் செய்தது. பிலிப் தப்பிப்போய் த கோலின் படையில் சேர்ந்தார். அவர் மனைவி எலிசபெத்தை நாஜிகள் கைது செய்து ராவென்ஸ்ப்ரூக் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். அவர் அங்கேயே இறந்தார். எந்த வருஷம்? அதே 1945. 'வெற்றி ஆண்டு' என்று அச்சான அதே வருஷம்.

"ஒயின் லேபிள் என்ன கல்லறைக் கல்வெட்டா?" என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. சாதாரணத் தோட்டம்னா நானும் அப்படியே விட்டிருப்பேன். ஆனா லேபிளை வரலாற்றுப் பதிவேடா ஆக்கினது மூட்டோன்தான். 1989 லேபிளில் பெர்லின் சுவர் விழுந்ததைக் குறித்தார்கள்; வரைந்தவர் ஜெர்மன் ஓவியர் பாசெலிட்ஸ். பதிவேடு என்று சொல்லிக்கிட்டா, அதில் விடுபட்டதையும் வாசகன் கேட்பான்.

மூட்டோனின் 'பாரம்பரியம்' பற்றிய கட்டுரைகள் வேறொரு கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுது: 1855 தரவரிசையில் இரண்டாம் தரம், பல வருஷப் போராட்டம், 1973-இல் வேளாண் அமைச்சர் ஜாக் ஷிராக் கையெழுத்தில் முதல் தரம். அந்த 1855 பட்டியலே ஒயின் தரகர்கள் அன்றைய சந்தை விலையைப் பார்த்துப் போட்டதுதான். தரவரிசையில் ஒரு படி ஏறியதற்குப் பத்தி பத்தியாக இடம். எலிசபெத்துக்கு, கிடைத்தால், ஒரு வரி. இதுதான் எனக்கு உறுத்துது.

பிலிப் வேண்டுமென்றே மறைத்தார் என்று நான் சொல்ல வரலை. இழப்பு பெரிதாக இருக்கும்போது மனுஷன் வெற்றியைப் பற்றித்தான் பேசுவான், அது இயல்பு. அவர்களுடைய மகள் பிலிப்பீன் 1988-இல் தோட்டப் பொறுப்பை ஏற்று, 2014-இல் இறக்கும்வரை நடத்தினார். அம்மா இறந்த வருஷத்தின் புட்டிதான் அவர் தோட்டத்துக்கே பெரும்புகழ் தந்தது. ஏலக்காரர்கள் அதன் விலையைச் சொல்லட்டும், சுவைஞர்கள் மணத்தைச் சொல்லட்டும். அந்த 'வி'யைப் பார்க்கும்போது எலிசபெத்தின் பெயரையும் சேர்த்து வாசிப்பது நம்ம வேலை.