அண்ணனின் பிரசுரமும் தம்பியின் கப்பலும்

அமெரிக்கக் குடியேற்றக்காரர் சுதந்திரம் பேசிக்கொண்டே அடிமை வியாபாரமும் செய்தது எப்படி என்று கேட்டால், ‘பாசாங்கு’ என்ற ஒற்றைச் சொல்லோடு பதிலை முடித்துக்கொள்வது வழக்கம். எனக்கு அதில் திருப்தியில்லை. றோட் ஐலண்டின் ஆளுநராயிருந்த ஸ்ரீபன் ஹொப்கின்ஸ் எழுதி, 1765 என்று ஆண்டு குறித்து வெளிவந்த ‘குடியேற்றங்களின் உரிமைகள் பற்றிய ஆய்வு’ என்ற சிறு பிரசுரத்தை வாசித்தால் விடயம் வேறு விதமாகத் தெரிகிறது.

சுதந்திரமே மனிதருக்கு வாய்க்கும் பெரும் பேறு, அடிமைத்தனமே கொடிய சாபம் என்ற தொனியில் பிரசுரம் தொடங்குகிறது. நல்லது. ஆனால் யார் அடிமை? தன் சம்மதமின்றி விதிக்கப்படும் வரியால் உடைமையை இழக்கக்கூடியவன். அதாவது, லண்டன் பாராளுமன்றம் கரும்புப்பாகுக்கு வரி போட்டால், அதை இறக்குமதி செய்யும் முதலாளிதான் அடிமை! இங்கே சுதந்திரம் என்பது உடைமைக்கான பாதுகாப்பு. ஆபிரிக்கரோ சட்டப்படி உடைமை. ஆகவே ஹொப்கின்ஸ் தன் கொள்கையை மீறினார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொள்கையே அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. (உரிமை கோரும் எந்தப் பிரசுரத்தையும், அதன் ‘நாம்’ என்ற சொல்லுக்குள் யார் இல்லை என்று பார்த்தே வாசிக்கப் பழகிவிட்டேன். எங்களுடையவற்றையும்தான்.)

அந்தக் கரும்புப்பாகு எதற்கு? அவர் ஆளுநராயிருந்த 1764 ஜனவரியில் றோட் ஐலண்ட் லண்டனுக்கு வரைந்த ஆட்சேப மனு அதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. பாகிலிருந்து வடிக்கும் றம் சாராயம் ஆண்டுதோறும் சுமார் 18 கப்பல்களில், 1,800 பெரிய பீப்பாய்கள் அளவில், ஆபிரிக்கக் கரைக்குப் போகிறது. வரி வந்தால் இந்த வியாபாரம் கெடும். பாசாங்குக்காரன் இப்படி எழுதமாட்டான், மறைப்பான்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீபனின் தம்பி எசெக், பிறவிடன்ஸ் நகரத்துப் பிறவுண் சகோதரர் நால்வரின் ‘சாலி’ என்ற கப்பலுக்குத் தலைவராக ஆபிரிக்காவுக்குப் புறப்பட்டார். கொள்வனவு செய்த மனிதர் 196 பேர். அவர்களில் குறைந்தது 109 பேர் இறந்துபோயினர். எசெக்கின் கணக்குப் புத்தகம் இன்றும் இருக்கிறது. இறந்தவர்களுக்குப் பெயர் இல்லை. எத்தனையாவது சாவு என்ற இலக்கம், ஆணா பெண்ணா சிறுவனா என்ற குறிப்பு, அவ்வளவே. ஒரு பெண் கப்பல் தட்டுகளுக்கிடையே தூக்கிட்டுக்கொண்டதும் அதே வரிசையில் ஒரு பதிவாக வருகிறது. அண்ணன் எழுதியது மூலமென்றால், தம்பி எழுதியதே அதற்கு உரை.

‘காலம் அப்படி’ என்பார்கள். ‘சாலி’யின் பங்காளிகளில் ஒருவரான மோசஸ் பிறவுண் 1773இல் தன் அடிமைகளை விடுவித்தார், பின்னர் இவ்வியாபாரத்துக்கு எதிராகவே உழைத்தார். அவருடைய சகோதரர் ஜோன், தடைச்சட்டம் வந்த பிறகும் அடிமைக் கப்பல் அனுப்பி, 1797இல் வழக்கில் அக்கப்பலை இழந்தார். ஒரே வீடு, ஒரே காலம்.

ஸ்ரீபனும் அசையாமல் இருக்கவில்லை. 1774இல் றோட் ஐலண்டுக்குள் அடிமைகளைக் கொண்டுவருவதைத் தடுக்கும் சட்டத்தை முன்வைத்தவர் அவரே. ஆனால் ஆபிரிக்காவில் ஏற்றி மேற்கிந்தியத் தீவுகளில் விற்பதற்கு அச்சட்டம் குறுக்கே நிற்கவில்லை. அதற்கு முந்திய ஆண்டு, தன் வீட்டு அடிமைப் பெண் ஒருத்தியை விடுவிக்க மறுத்ததற்காகக் குவேக்கர் சபை அவரை நீக்கியிருந்தது. 1776இல், வாத நோயால் நடுங்கும் கையோடு, அவர் சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்டார். எசெக் அப்போது புதிய கடற்படையின் தலைமைத் தளபதி.