இரவல் குரலில் ஒரு கௌபாய்

ஹாலிவுட்டின் பாடும் கௌபாய்களுக்கு இருந்த முதல் தகுதி, பாட்டு அவர்களுடைய சொந்தத் தொண்டையிலிருந்து வந்ததுதான். ஜீன் ஆட்ரி வானொலியில் பாடிப் பெயரெடுத்த பிறகே 1935-ல் ‘டம்ப்ளிங் டம்பிள்வீட்ஸ்’ படத்தில் நாயகனானார். அவருக்குப் பின் வந்த ராய் ராஜர்ஸும் பாடகர் குழுவிலிருந்து வந்தவர்தான். குதிரை, தொப்பி, துப்பாக்கி எல்லாம் குரலுக்குப் பிறகு சேர்ந்தவை. இருவரும் 1998-ல் மறைந்தபோது அமெரிக்கா அவர்களைப் பாடகர்களாகவே நினைவுகூர்ந்தது.

பின்னணிப் பாடகர்கள் கோலோச்சும் நம் சினிமாவில் இந்த இலக்கணம் செல்லாது. இங்கே கௌபாய் பாடுவான், குரல் வேறொருவருடையதாக இருக்கும். தெலுங்கின் கௌபாய் நாயகன் கட்டமனேனி கிருஷ்ணாவை எடைபோட இதையே தொடக்கமாகக் கொள்ளலாம். குரல் இரவல். நடனம் அவருக்கு வசப்படவில்லை, அதை அவருடைய ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள். நடிப்பிலும் என்.டி. ராமராவின் கம்பீரமோ அக்கினேனி நாகேஸ்வர ராவின் நுட்பமோ கிடையாது. அப்படியானால் ‘சூப்பர் ஸ்டார்’ என்ற பட்டம் எதைத் தாங்கி நின்றது?

தெனாலிக்கு அருகே புர்ரிபாலெம் கிராமத்தில் 1943-ல் பிறந்தவர் கிருஷ்ணா. ஆதுர்த்தி சுப்பாராவ் புதுமுகங்களை வைத்து எடுத்த ‘தேனே மனசுலு’ (1965) அவரை நாயகனாக்கியது. அடுத்த ஆண்டே ‘கூடசாரி 116’ வந்து ஆந்திராவின் ஜேம்ஸ் பாண்ட் என்ற பெயரை வாங்கிக் கொடுத்தது. இயக்குநர் பாபுவின் முதல் படமான ‘சாட்சி’யில் (1967) கிராமத்துப் படகோட்டியாக அவர் காட்டிய அடக்கம் வேறொரு பாதையைச் சுட்டியது. அந்தப் பாதையில் அவர் தொடர்ந்து நடக்கவில்லை. என் கணக்கில் அது இழப்புதான்.

அவர் தேர்ந்தெடுத்தது குதிரைப் பாதையை. சகோதரர்களுடன் சேர்ந்து பத்மாலயா நிறுவனத்தைத் தொடங்கி, இரண்டாவது படமாகவே ‘மோசகாள்ளகு மோசகாடு’வைத் தயாரித்தார். வெளியானது 1971 ஆகஸ்டில். செர்ஜியோ லியோனியின் ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’யும், இந்தியாவில் பெரும் ஓட்டம் ஓடிய ‘மெக்கன்னாஸ் கோல்ட்’டும் இதற்கு மூலம். யாரும் மறைக்கவும் இல்லை. நகல் என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிடலாம்தான். என்னால் அப்படி ஒதுக்க முடியாததற்குக் காரணம் ஆருத்ரா.

கவிஞரும் இலக்கிய வரலாற்றாசிரியருமான ஆருத்ராதான் கதை, வசனம் எழுதினார். அமெரிக்க உள்நாட்டுப் போரை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெள்ளைக்காரன் காலத்துச் சமஸ்தானப் புதையலை வைத்தார். தொப்பியும் தோல் இடைவாரும் அந்நியமாக இருந்தாலும், ஆள்கள் ஏன் ஒருவரை ஒருவர் துரத்துகிறார்கள் என்பது தெலுங்கு மண்ணுக்குப் புரிந்தது. நாகபூஷணம் நடித்த நாகண்ணா பாத்திரம் மூலத்தின் கோமாளிக் கொள்ளைக்காரனை நினைவூட்டும். ஆனால் அவன் வாயைத் திறந்தால் வருவது அசல் தெலுங்கு நையாண்டி. திரையில் கிருஷ்ணாவை நாகபூஷணம் பல இடங்களில் முந்திவிடுகிறார். தன் சொந்தப் படத்தில் இன்னொரு நடிகர் முந்த இடம் கொடுத்த நாயகனையும் நாம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இயக்குநர் கே.எஸ்.ஆர். தாஸுக்கு வேகம் தெரியும். ராஜஸ்தான் மணலை வி.எஸ்.ஆர். சுவாமியின் கேமரா விரிவாக உள்வாங்கியது. இசை பி. ஆதிநாராயண ராவ். ‘அடுத்த வீட்டுப் பெண்’ பாடல்களால் தமிழருக்கு நெருக்கமானவர், ‘சுவர்ண சுந்தரி’யின் ராகமாலிகையைத் தந்தவர். அப்படிப்பட்ட மெல்லிசைக்காரரைத் துப்பாக்கிப் படத்துக்கு அழைத்ததில் ஒரு துணிவு இருந்தது. என்றாலும் படத்தின் பலவீனம் பாட்டு வரும் இடங்களில்தான் தெரிகிறது. லியோனியின் உலகத்தில் மௌனத்துக்கு வேலை உண்டு. இங்கே பதற்றம் ஏறும்போதெல்லாம் பாட்டு வந்து அதைக் கரைத்துவிடுகிறது. பாடும் கௌபாய் என்ற அமெரிக்க வடிவத்துக்கும் பாடாத இத்தாலிய வடிவத்துக்கும் நடுவே படம் தடுமாறுகிறது.

இது இந்தியாவின் முதல் கௌபாய் படம் என்று தெலுங்கில் அடிக்கடி சொல்வார்கள். தமிழ் வாசகர் இதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கி ஜெய்சங்கர் நடித்த ‘காலம் வெல்லும்’ 1970-லேயே வந்துவிட்டது. குதிரைத் துரத்தலும் துப்பாக்கியும் அதிலேயே உண்டு. ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ இரண்டும் 1972-ல் தொடர்ந்தன. முழுக்க முழுக்க அந்த உடையையும் நிலத்தையும் எடுத்துக்கொண்ட படம் என்றால் கிருஷ்ணாவுடையதற்கு உரிமை உண்டு. ‘முதல்’ என்ற சொல்லை அதற்கு மேல் இழுத்தால் கர்ணனுக்கு அநீதி.

குரலுக்கு வருவோம். கிருஷ்ணாவின் நூறாவது படம் ‘அல்லூரி சீதாராம ராஜு’ (1974). அதில் ஸ்ரீஸ்ரீ எழுதிய எழுச்சிப் பாடல் தேசிய விருது பெற்றது. பாடியவர்கள் கண்டசாலாவும் வி. ராமகிருஷ்ணாவும். கண்டசாலா அந்த ஆண்டு பிப்ரவரியில் காலமானார், படம் மே மாதத்தில் வெளியானது. இன்றும் தெலுங்கு வீடுகளில் அந்தப் பாட்டு ஒலிக்கும்போது கண்முன் நிற்பது கிருஷ்ணாவின் காவியுடைதான். இரவல் குரலைத் தாங்க ஒரு முகம் வேண்டும். அந்த முகம் பொய்த்தால் பாட்டும் பொய்க்கும். அவர் முகம் அங்கே பொய்க்கவில்லை. எண்பதுகளின் நடுவில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துடன் அவருக்கு மனத்தாங்கல் வந்தபோது, ராஜ் சீதாராம் என்ற புதுக்குரலை வைத்துப் படங்களை ஓட்டிக் காட்டினார். பிடிவாதம் ஜெயித்தது உண்மை. ஆனால் அந்த ஆண்டுகளின் பாடல்களைத் தொடர்ந்து கேட்டால் பாலுவின் இடம் காலியாகவே இருக்கிறது. சில ஆண்டுகளில் இருவரும் சேர்ந்தது இருவருக்குமே நல்லது.

நடிகராக அவருடைய உச்சம் ‘அல்லூரி’தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. என்.டி.ஆர் செய்ய விரும்பிய பாத்திரம் அது. 1922-24 ரம்பா கிளர்ச்சியின் கதையைச் சிந்தபள்ளி வனப்பகுதியில் படமாக்கினார்கள். இயக்குநர் வி. ராமச்சந்திர ராவ் நடுவிலேயே இறந்துபோனார். சண்டைக் காட்சிகளைத் தாஸ் பார்த்துக்கொள்ள, மீதியைக் கிருஷ்ணாவே முடித்தார். கடைசியில் பிரிட்டிஷ் அதிகாரியின் முன் நிற்கும் காட்சியில் அவருடைய குறைகளே நிறைகளாகின்றன. அசையாத உடல், ஏற்ற இறக்கம் குறைந்த பேச்சு, நேரான பார்வை மூன்றும் அந்தப் போராளிக்குப் பொருந்திவிட்டன.

துணிவு எல்லா முறையும் கைகொடுக்கவில்லை. அதே 1974-ல் அவரும் இயக்குநர் விஜயநிர்மலாவும் ‘தேவதாசு’வை மறுபடி எடுத்தார்கள். நாகேஸ்வர ராவின் 1953-ம் ஆண்டுப் படம் எதிரே திரும்ப வெளியாகி, புதியதை வீழ்த்தியது. தேவதாஸுக்குத் தேவை உள்ளே உடைவது. கிருஷ்ணாவின் முகம் அதற்குப் பழகியதல்ல. 1977 பொங்கலுக்கு ‘குருக்ஷேத்ரம்’ வந்தது, அதே நாளில் என்.டி.ஆரின் ‘தான வீர சூர கர்ணா’வும் வந்தது. யார் வென்றார்கள் என்பதைத் தெலுங்கு நாடு அறியும்.

இவற்றைவிடப் பெரிய பிழை எண்ணிக்கை. 350 படங்களுக்கு மேல் என்பதைப் புகழுரையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது வழக்கில் எதிர்த்தரப்புச் சான்றாகவே படுகிறது. 1972-ல் மட்டும் பதினேழு பதினெட்டுப் படங்கள், ஒரே நாளில் மூன்று ஷிப்ட். அப்படி உழைப்பவருக்குப் பாத்திரத்தோடு தங்க நேரம் ஏது? தயாரிப்பாளர் நஷ்டப்பட்டால் பணம் வாங்காமல் அடுத்த படத்துக்குத் தேதி கொடுப்பார் என்று திரையுலகம் நன்றியோடு சொல்கிறது. அந்தப் பெருந்தன்மை பல குடும்பங்களைக் காத்தது. பலவீனமான பல படங்களைப் பிறக்கச் செய்ததும் அதுதான்.

அவர் முழுமையாக வென்றது தயாரிப்பாளராகத்தான். தெலுங்கு சினிமா சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்கு இடம் மாறிய காலத்தில், நாகேஸ்வர ராவின் அன்னபூர்ணாவைப் போலவே பத்மாலயா ஸ்டூடியோவும் ஜூபிலி ஹில்ஸில் எழுந்தது. தெலுங்கின் முதல் முழுநீள சினிமாஸ்கோப் ‘அல்லூரி’. முதல் 70 எம்.எம். அவரே இயக்கிய ‘சிம்ஹாசனம்’ (1986). அவர் தெலுங்கில் நடித்த ‘ஊருக்கி மொனகாடு’வை இந்தியில் ‘ஹிம்மத்வாலா’வாக (1983) எடுத்து வடக்கையும் கலக்கியது பத்மாலயா. ஆட்ரிக்குக் குரல் எப்படியோ, கிருஷ்ணாவுக்கு முதலீட்டுத் துணிவு அப்படி. அது மட்டும் இரவல் இல்லை.

எனவே நடிகர் கிருஷ்ணாவை நடுத்தரத்திலும், கிருஷ்ணா என்ற திரைத்தொழில்காரரை முதல் வரிசையிலும் வைக்கிறேன். கௌபாய் படத்தை இந்த இரண்டுக்கும் நடுவே வைக்க வேண்டும். 2022 நவம்பரில் ஹைதராபாத்தில் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு மே 31-ல், அவருடைய பிறந்தநாளில், அந்தப் படம் 4கே தரத்தில் திரும்ப வந்தது. அவர் மகன் மகேஷ் பாபு 2002-ல் ‘டக்கரி தொங்கா’வுக்காக அமெரிக்கப் பாலைநிலத்துக்கே போய் நடித்தார், கிருஷ்ணாவும் அதில் தலைகாட்டினார். செலவும் வசதியும் நிலக்காட்சியும் மகன் படத்தில்தான் அதிகம். இருந்தும் அது எந்த ஊர்க் கதை என்று சொல்ல முடியாது. தந்தையின் படத்தில் அதைச் சொல்ல முடிகிறது, அதற்கு ஆருத்ராவைக் கூப்பிட்டு எழுதச் சொன்னவர் கிருஷ்ணாதான்.