தளர்வாதமும் 66 வைரஸ்களும்

நேற்றுவரை ஓடியாடிய குழந்தைக்குக் காலையில் கால் துவண்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். செம்பாக்கமானாலும் தாம்பரமானாலும் வீட்டாரின் முதல் அச்சம் இளம்பிள்ளை வாதம்தான். 1997 முதல் நம் நாட்டில் 15 வயதுக்குட்பட்டோருக்கு வரும் இத்தகைய திடீர்த் தளர்வாதம் கண்காணிக்கப்படுகிறது. 24 மணி நேர இடைவெளியில் இருமுறை மலம் எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற ஆய்வகங்களுக்கு அனுப்புகிறார்கள். இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் ஹௌராவில் கண்டறியப்பட்டவர். எனவே 'போலியோ இல்லை' என்ற விடைதான் வருகிறது. அப்படியானால் வேறு எந்த வைரஸ்?

இக்கேள்வியை எடுத்துக்கொண்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று 2012-இல் வெளிவந்தது. எழுதியவர்கள் பெங்களூரைச் சேர்ந்த துர்கா ராவ், பிரசன்ன யெர்கோல்கர், சங்கரப்பா ஆகியோர். போலியோ அல்லாத வாதம் கண்ட 2,786 குழந்தைகளின் மலத்தைச் சோதித்ததில், 823 பேரிடம், அதாவது 29.5 சதவீதத்தினரிடம், குடல் வைரஸ்கள் வளர்ந்தன. பிரித்தெடுத்த 581 வைரஸ்களில் 66 வகைகள்! என்டிரோ வைரஸ் 71 முதலிடம், அதுவும் 8.43 சதவீதம் மட்டுமே.

வகை பிரித்த முறை பாராட்டுக்குரியது. பழைய வழியில் ஒவ்வொரு வகைக்கும் உரிய எதிர்ச் சீரத்தைச் சேர்த்து, எது வைரஸை அடக்குகிறது என்று பார்க்க வேண்டும். சீரமே இல்லாத புது வகை வந்தால் கைவிரிப்பதுதான். வி.பி.1 என்னும் உறைப்புரதத்தின் மரபெழுத்துகளைப் படித்தால் அந்தச் சிக்கல் இல்லை. நான்கில் மூன்று பங்கு எழுத்து ஒத்திருந்தால் ஒரே வகை.

ஆனால் வைரஸ்களை வளர்த்தது ஆர்.டி. என்னும் செல்களில். எக்கோ வைரஸ்கள் இதில் செழித்து வளரும். காக்சாக்கி 'ஏ' வகைகளில் சில வளரவே வளரா. நியூயார்க் மாநிலத்துக் காக்சாக்கி ஊரில், போலியோ என்று ஐயுற்ற பிள்ளைகளிடமிருந்து 1948-இல் அவற்றைக் கண்டுபிடித்ததே எலிக்குஞ்சுகளுக்குள் செலுத்தித்தான். ஆகவே 66 என்பது இந்த வலையில் சிக்கிய மீன்களின் கணக்கு. எதுவும் வளராத 70 சதவீத மாதிரிகளில் வைரஸே இல்லை என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

இதைவிடப் பெரிய ஐயம் ஒன்று உண்டு. குடல் வைரஸ்கள் நலமான குழந்தைகளின் மலத்திலும் வாரக்கணக்கில் வெளியேறுபவை. 'எக்கோ' என்ற பெயரிலேயே, எந்த நோய்க்கும் உரியது என்று தெரியாத 'அநாதை' என்னும் பொருள் அடங்கியிருக்கிறது. மேலும் கில்லன்-பாரே நோயில் உடலின் தற்காப்பு ஆற்றலே நரம்பைத் தாக்கிக் கால்களைத் தளர்த்துகிறது. அத்தகைய குழந்தையின் மலத்தில் ஒரு வைரஸ் இருந்தால் அது குற்றவாளியா, வழிப்போக்கனா? கட்டுரையாளர்கள் தலைப்பில் 'தொடர்புடைய' என்றே எழுதினார்கள். 'காரணமான' என்று எழுதவில்லை. அந்த நிதானம் கட்டுரையை மேற்கோள் காட்டுவோருக்கும் வேண்டும்.

என்டிரோ வைரஸ் 71-இன் மேல் ஐயம் வலுவானது. 1975-இல் பல்கேரியாவில் போலியோ போன்ற கொள்ளைநோயை உண்டாக்கியது அதுவே. எஞ்சிய 65 வகைகளுக்கும் அவ்வளவு சாட்சியம் இல்லை. வாதம் கண்ட பிள்ளையின் மலத்தோடு, அதே தெருவில், அதே வயதில், அதே மாதத்தில் நன்றாக ஓடித் திரியும் இரண்டு பிள்ளைகளின் மலத்தையும் பெட்டியில் வைத்து அனுப்பினால், எந்த வகைகளைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்பதாவது தெரியவரும்.