சீனாவிடம் இல்லாத ஒன்று

யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இந்தியா கட்டிக்கொடுத்த 11 மாடிக் கலாசார மையத்தை, அண்டை நாட்டு மக்களின் மனத்தை வெல்வதற்கான முன்மாதிரியாகப் பலர் எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். 2015 மார்ச்சில் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். சுமார் 1.1 கோடி டாலர் செலவானது. 2023 பிப்ரவரியில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்க முன்னிலையில் மக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 2025 ஜனவரியில் திருவள்ளுவர் பெயரைச் சூட்டினார்கள். யாழ்ப்பாணம் என்ற ஊர்ப்பெயர் எங்கே என்று அங்கே குரல் எழுந்ததும் அதையும் முன்னால் சேர்த்தார்கள். மக்கள் சொன்னால் இந்தியா கேட்கும் என்பதற்கு இதுவே சாட்சி என்கிறார்கள். பெயர்ப்பலகை வரைக்கும் கேட்கும் என்பதை ஏற்கிறேன். அதற்கு மேல் இந்தப் பாராட்டில் எனக்கு உடன்பாடில்லை.

நல்லவை நடந்திருக்கின்றன. 2016-இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய நன்கொடையில் தொடங்கிப் பின்னர் தீவு முழுக்கப் பரவிய, 1990 என்ற அழைப்பு எண் கொண்ட ஆம்புலன்ஸ் சேவையால் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கின்றன. போருக்குப் பிந்தைய வீட்டுத் திட்டத்தில் பயனாளிக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாயைத் தவணை தவணையாகக் கொடுத்து, வீட்டை அவரே கட்டிக்கொள்ள விட்டார்கள். ஒப்பந்ததாரர் கையில் விடாத நல்ல முறை. 2022 நெருக்கடியில் டெல்லி தந்த சுமார் 400 கோடி டாலர் உதவியையும், தமிழ்நாடு கப்பலேற்றிய அரிசியையும் பால்மாவையும் எந்தச் சிங்களரும் தமிழரும் மறந்துவிடவில்லை.

ஆனால் இவை பணமுள்ள எந்த நாடும் செய்யக்கூடியவை. 2021 டிசம்பரில் சீனத் தூதர் யாழ்ப்பாணம் போனார். வேட்டி கட்டி, மேலாடை இல்லாமல் நல்லூர்க் கந்தன் கோயிலுக்குள் போனார், பொது நூலகத்துக்குப் போனார், மீனவர்களுக்கு வலை கொடுத்தார். நம் பக்கத்தில் ஒரே பதற்றம். வலைக்கு வலை, மண்டபத்துக்கு மண்டபம் என்று போட்டியில் இறங்கினால் பெய்ஜிங் ஒருநாளும் சளைக்காது. சீனாவிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு படகேறித் தமிழ்நாட்டுக்கு வந்து, இங்கேயே பிள்ளை பெற்று, பேரன் பேத்தி கண்ட ஈழத்தமிழர்கள்தான் அது. 2021-இல் அரசு சொன்ன கணக்குப்படி முகாம்களில் சுமார் 58,000 பேர், முகாமுக்கு வெளியே சுமார் 34,000 பேர். இவர்கள் ஒவ்வொருவருக்கும் அக்கரையில் ஒரு அக்காவோ சித்தப்பாவோ இருக்கிறார்கள். இந்தியா எப்படி என்று வடக்கில் ஒருவர் தெரிந்துகொள்வது தூதரகத்தின் அறிக்கையைப் படித்து அல்ல. இங்கிருந்து போகும் தொலைபேசி அழைப்பில்தான்.

அந்த அழைப்பில் என்ன சொல்லியிருப்பார்கள்? பத்துக்குப் பத்து அறையில் ஒரு குடும்பம் என்று சொல்லியிருப்பார்கள். கணக்கெடுப்பு நாளில் குடும்பத்தோடு வரிசையில் நின்று முகம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பணக்கொடை நின்றுவிடும் என்று சொல்லியிருப்பார்கள். பொறியியல் படித்த பிள்ளைக்குப் பாஸ்போர்ட் கிடையாது, அரசு வேலை கிடையாது, பெயிண்ட் அடிக்கப் போகிறான் என்று சொல்லியிருப்பார்கள். 2021-இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'மறுவாழ்வு முகாம்' ஆக்கியது, புதிய வீடுகள் கட்டத் தொடங்கியது. வீடு மாறியது, சட்டத்தின் கண்ணில் அவர்கள் இருந்த இடம் மாறவில்லை. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண், 1987 ஜூலைக்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் என்பதால் பிறப்பாலேயே குடிமகள். அந்தத் தெளிவான உரிமைக்கே அவர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய்த்தான் 2022-இல் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. 2024 தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டது செய்தியானது. அவரைவிட ஓரிரு ஆண்டு பிந்திப் பிறந்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை.

கரையான்சாவடியில் இருந்துகொண்டு இதை எழுதுகிறவனுக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. மெட்ரோ தூண்களின் கீழே டிரங்க் சாலையில் மேற்கே போனால் பூந்தமல்லி, இன்னும் போனால் ஸ்ரீபெரும்புதூர். 1991 மே மாதம் நடந்த ராஜீவ் காந்தி கொலையும், அந்த வழக்கில் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பளித்த பூந்தமல்லித் தனி நீதிமன்றமும் இந்தச் சாலைக்குரிய வரலாறு. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது. அதே பூந்தமல்லியில் 'சிறப்பு முகாம்' என்ற ஒன்று பல ஆண்டுகள் இருந்தது. அன்றைய வெளிநாட்டினர் சட்டத்தின்கீழ் ஓர் அரசாணை போதுமாயிருந்தது, ஒருவரை அதற்குள் வைத்துவிட. ஜாமீன் கிடைத்தவரையும் வைக்க முடிந்தது, தண்டனை முடிந்தவரையும் வைக்க முடிந்தது. சிறை என்றால் வெளியே வரும் தேதியாவது உண்டு. இதில் அதுவும் இல்லை. எப்போது விடுவீர்கள் என்று கேட்டு அவர்கள் உண்ணாவிரதம் கிடந்த செய்திகள் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல.

1991-க்குப் பிறகு சந்தேகம் எழுந்தது இயல்பே, அதை மறுக்கவில்லை. சந்தேகத்தை விசாரணை தீர்க்க வேண்டும். முப்பது ஆண்டு நீடித்தால் அது கொள்கையாகிவிடுகிறது. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. அப்படி விடுபட்டவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள், மற்றவர்களில் பலர் கிறிஸ்தவர்கள். துன்புற்றுவந்த சிறுபான்மையினருக்கான சட்டம் என்றால், 1983 கறுப்பு ஜூலையில் தப்பிவந்தவர் அதில் ஏன் இல்லை? 2025 செப்டம்பரில் வந்த ஆணை, 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்டவர்களுக்குத் தண்டனையிலிருந்து விலக்கு தந்தது. குற்றவாளி இல்லை என்று சொல்ல நாற்பது ஆண்டு ஆயிற்று. குடிமகன் என்று அது சொல்லவில்லை.

வடக்கில் இந்தியா மீதான மனக்கசப்புக்குத் தமிழக மீனவர்களின் இழுவைமடிப் படகுகளைக் காரணம் சொல்வார்கள். அதுவும் காரணமே; தீர்க்கக் கடினமான காரணம், இரு கரையிலும் வயிற்றுப்பாடு இருக்கிறது. முகாம் அப்படியல்ல. டெல்லியின் ஒரு கையெழுத்தில் தீரக்கூடியது, கொழும்பின் சம்மதம்கூட வேண்டாம்.

கலாசார மையம் திறந்து ஓராண்டு கழித்து, 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி, சாந்தன் சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். ராஜீவ் கொலை வழக்கில் தண்டனை பெற்றவர், 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டவர். விடுதலைக்குப் பிறகும் 15 மாதம் திருச்சி சிறப்பு முகாமில் இருந்தார். வயதான தாயைப் பார்க்க ஊருக்கு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அனுமதி வந்தபோது அவரால் பயணம் செய்ய முடியவில்லை. அவருடைய குற்றத்தைப் பற்றி நமக்கு என்ன கருத்து இருந்தாலும், விடுவித்த நீதிமன்றம் நம்முடையது, அதன்பிறகு அடைத்துவைத்த அரசும் நம்முடையது. அவருடைய உடல் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போன வழியில் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் மக்கள் திரண்டு நின்றார்கள். இந்தியாவைப் பற்றி அந்தச் சாலையோரத்தில் நின்றவர்கள் அன்று நினைத்ததைப் பதினோரு மாடிக் கட்டடம் மாற்றப்போவதில்லை. முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை கொடுப்பதும், சிறப்பு முகாம் என்ற ஏற்பாட்டை இழுத்து மூடுவதும் மாற்றும்.